ஸ்பீடிங் டிக்கெட்டை மறைக்காதே, தங்கச்சி

கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆயிற்று, சிட்டிசன்ஷிப்புக்குப் போடலாம் என்று அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் உட்காரும்போது என்னிடம் முதலில் கேட்பது வரியைப் பற்றியோ ஊருக்குப் போய்வந்த தேதிகளைப் பற்றியோ இருக்காது. "அக்கா, எனக்கு ஒரு ஸ்பீடிங் டிக்கெட் இருக்கு, அதைச் சொல்லணுமா?" என்பார்கள். பக்கத்து அறையில் மாமியார் இருந்தால் குரலையும் தாழ்த்திக்கொள்வார்கள்.

சொல்ல வேண்டும். சொன்னால் ஒன்றும் ஆகாது. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் தூக்கம் போய்விடும். அபராதம் கட்டி முடித்த ஒரு டிக்கெட்டுக்காக யாருக்கும் குடியுரிமை மறுக்கப்படுவதில்லை. அதை இல்லை என்று சொல்லி மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

இதைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு டிக்கெட்டுக்குப் பயந்து விண்ணப்பத்தையே வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கிறேன். கிரீன் கார்டு வைத்திருப்பவர் தன் அம்மா அப்பாவுக்கு கிரீன் கார்டு கேட்டு மனுப் போட முடியாது. இருபத்தொரு வயது நிரம்பிய சிட்டிசனால்தான் முடியும். நீ தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் ஊரில் தனியாக இருக்கும் அவர்களுக்கும் ஒரு வருடம்.

படிவம் என்ன கேட்கிறது

குடியுரிமைக்கான என்-400 படிவத்தின் ஒன்பதாம் பகுதியை நிதானமாகப் படி. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா, யாரையாவது துன்புறுத்தினாயா, ஆயுதப் பயிற்சி எடுத்தாயா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு எல்லாவற்றுக்கும் 'நோ' தான். மவுஸ் அந்தப் பக்கத்திலேயே இறங்கிக்கொண்டிருக்கும். 'நோ', 'நோ', 'நோ' என்று ஒரு தாளமே வந்துவிடும். அந்தத் தாளத்தில்தான் பலர் அந்தக் கேள்வியைத் தாண்டிவிடுகிறார்கள்: எந்தக் காரணத்துக்காகவாவது போலீஸ் அதிகாரி எப்போதாவது உன்னைக் கைது செய்தாரா, 'சைட்' செய்தாரா, பிடித்து வைத்தாரா?

கைது என்ற சொல்லைப் பார்த்ததும் நம் கண் அங்கேயே நின்றுவிடும். அடுத்த சொல் 'சைட்டட்'. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, லைசென்ஸ் வாங்கிப் பார்த்து, போலீஸ்காரர் கிழித்துக் கொடுத்தாரே ஒரு தாள், அதன் தலைப்பிலேயே பெரும்பாலும் 'சைட்டேஷன்' என்று அச்சடித்திருக்கும். ஆகவே பதில் 'யெஸ்'. 'எப்போதாவது' என்று கேட்டிருப்பதையும் கவனி. கடைசி ஐந்து வருடம் என்று கணக்கில்லை. மாணவர் விசாவில் வந்த புதிதில், செமஸ்டர் முடிந்து நண்பர்களோடு பழைய கார் ஒன்றில் போகும்போது வாங்கியதும் இதில் சேரும்.

"அக்கா, அதெல்லாம் குற்றம் சம்பந்தப்பட்ட கேள்வி, டிராஃபிக் டிக்கெட்டைக் கேட்கலை" என்று வாதாடுகிறவர்களுக்கு இன்னொரு தாளைக் காட்டுகிறேன். இன்டர்வியூ முடிந்து, உறுதிமொழி எடுக்கும் நாளுக்கு வரச்சொல்லி என்-445 என்ற கடிதம் வரும். அதிலும் சில கேள்விகள் உண்டு. இன்டர்வியூவுக்குப் பிறகு ஏதாவது சட்டத்தை மீறிப் பிடிபட்டாயா, 'போக்குவரத்து மீறல்கள் உட்பட' என்று அங்கே வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். கடைசிப் படியில் இதைக் கேட்கிறவர்கள் முதல் படியில் மட்டும் கேட்காமல் விடுவார்களா?

சொல்வது வேறு, பேப்பர் கொடுப்பது வேறு

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். தன் வழிகாட்டியில் ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. கைது எதுவும் இல்லை, குடியும் போதைப்பொருளும் சம்பந்தப்படவில்லை, தண்டனை 500 டாலருக்குக் குறைந்த அபராதமோ லைசென்ஸில் பாயின்ட்டோ மட்டும்தான் என்றால் அதற்கான ஆவணங்களை அனுப்பத் தேவையில்லை. இதை யாரோ பாதி படித்துவிட்டு, "500 டாலருக்குக் கீழே இருந்தா சொல்லவே வேணாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அனுப்ப வேண்டாம் என்றது ஆவணத்தை. பதிலை அல்ல.

அந்த 500 டாலர் கணக்கிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் அடிப்படை அபராதம் 100 டாலர்தான். அதன் மேல் மாநிலக் கட்டணம், கவுன்டி கட்டணம் என்று ஏறி, கையிலிருந்து போகும் தொகை 500ஐ ஒட்டி வந்துவிடும். இப்படி விளிம்பில் இருந்தால் கோர்ட்டிலிருந்து ஆவணத்தை வாங்கி வைத்துவிடு. எதற்கு வீண் சந்தேகம்?

என்னைக் கேட்டால், ஆவணம் அனுப்பத் தேவையில்லாத டிக்கெட்டுக்கும் பணம் கட்டிய ரசீதையோ, வழக்கு முடிந்துவிட்டது என்று காட்டும் கோர்ட் இணையப் பக்கத்தையோ பிரின்ட் எடுத்து இன்டர்வியூ ஃபைலில் வைத்துக்கொள் என்பேன். அதிகாரி கேட்காமலே போகலாம். கேட்டால் எடுத்து நீட்டிவிடலாம்.

மறந்துபோன டிக்கெட்டுகளைத் தேடு

வேலையே இங்கேதான் இருக்கிறது. மறைக்க நினைக்கிறவர்களை விட மறந்துபோனவர்கள்தான் அதிகம். படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்கு.

முதலில் நீ லைசென்ஸ் வைத்திருந்த ஒவ்வொரு மாநிலத்திலும் டிரைவிங் ரெக்கார்டு எடு. கலிஃபோர்னியா டி.எம்.வி.யில் 'எச்6' என்று கேட்டால் பத்து வருடத்துக்கானது கிடைக்கும். நியூ ஜெர்சியில் அதை 'அப்ஸ்ட்ராக்ட்' என்பார்கள். அது ஐந்து வருடத்துக்குத்தான். டெக்சஸில் பல வகை விற்கிறார்கள். மலிவானதை வாங்கிவிட்டு அதில் ஒன்றும் இல்லை என்று சந்தோஷப்படாமல், முழு ரெக்கார்டு எதுவோ அதை வாங்கு.

ரெக்கார்டு சுத்தமாக இருக்கிறது என்பதால் டிக்கெட்டே இல்லை என்று ஆகிவிடாது. கலிஃபோர்னியாவில் பதினெட்டு மாதத்துக்கு ஒரு தரம் டிராஃபிக் ஸ்கூல் போனால், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கண்ணுக்குத் தெரியாமல் அந்த டிக்கெட்டை மறைத்துவிடுவார்கள். டெக்சஸில் டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு முடித்தால் டிஸ்மிஸ் ஆகிவிடும். "டிஸ்மிஸ் ஆயிடுச்சே அக்கா, அப்புறம் எதுக்கு?" என்று கேட்பாய். வழக்கு டிஸ்மிஸ் ஆனது. போலீஸ்காரர் உனக்கு டிக்கெட் கொடுத்தது கொடுத்ததுதானே. படிவம் அதைத்தான் கேட்கிறது. சீல் செய்யப்பட்டது, ரெக்கார்டிலிருந்து நீக்கப்பட்டது, இனி இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று வக்கீலோ ஜட்ஜோ சொன்னது, எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது.

அடுத்தது வெளிமாநில டிக்கெட்டுகள். எடிசனிலிருந்து பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் காரில் போகிறோம். பென்சில்வேனியா டர்ன்பைக் நீண்டுகொண்டே போகும், பின்சீட்டில் குழந்தை அழும், இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று கால் அழுந்தும். அங்கே ஏதோ ஒரு சின்ன ஊர் கோர்ட்டுக்குக் கட்டிய அபராதம் உன் நியூ ஜெர்சி ரெக்கார்டில் தெரியாமலும் இருக்கலாம். இதற்கு உன் ஈமெயில்தான் கை கொடுக்கும். 'சைட்டேஷன்', 'டிராஃபிக் கோர்ட்' என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடு. பழைய கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டில் முனிசிபல் கோர்ட்டுக்குக் கட்டிய தொகை இருக்கிறதா பார். எந்த வருடம் கார் இன்ஷூரன்ஸ் திடீரென்று ஏறியது என்று யோசி. கணவரையும் கேள், உன் டிக்கெட் உனக்கு மறந்திருந்தாலும் அவருக்கு மறந்திருக்காது.

கிடைத்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்: தேதி, ஊரும் மாநிலமும், எதற்காக, எவ்வளவு கட்டினாய், எப்படி முடிந்தது. படிவத்தின் அட்டவணையும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறது. '65 மைல் வேகச் சாலையில் 78, அபராதம் கட்டியாயிற்று, வழக்கு முடிந்தது' என்று எழுதினால் போதும். அன்று மழை பெய்தது, எல்லோரும் அதே வேகத்தில்தான் போனார்கள் என்ற கதையெல்லாம் வேண்டாம். தேதி சரியாகத் தெரியவில்லை என்றால், தெரிந்த வருடத்தைப் போட்டு, தோராயமானது என்று கூடுதல் விவரம் எழுதும் பகுதியில் குறிப்பிடு.

பார்க்கிங் டிக்கெட்டை வக்கீல்கள் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வண்டிக்குப் போட்டது, போலீஸ்காரர் உன்னை நிறுத்திக் கொடுத்ததல்ல. ஆனால் கட்டாமல் கிடப்பது எதுவாக இருந்தாலும் விண்ணப்பத்துக்கு முன் கட்டித் தீர்த்துவிடு.

எது சின்ன டிக்கெட் இல்லை

இதை மட்டும் இரண்டு தரம் படி. ரோட்டோரத்தில் கிடைத்த தாள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்; சட்டத்தில் அப்படியில்லை.

வர்ஜீனியாவில் வேக வரம்பை 20 மைலோ அதற்கு மேலோ தாண்டினாலோ, வரம்பு எதுவாக இருந்தாலும் 85 மைலுக்கு மேல் போனாலோ அது ரெக்லெஸ் டிரைவிங். முதல் வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது கிரிமினல் குற்றச்சாட்டு. ஆஷ்பர்னிலும் ஹெர்ன்டனிலும் இருக்கிற நம் ஆட்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்த வழியாக இன்னொரு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியாது. வேகத்துக்கு அபராதம் கட்டினோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே டிக்கெட் வாங்கியிருந்தால் தாளை எடுத்து என்ன பிரிவு போட்டிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

டெக்சஸ் விஷயம் இதற்கு நேர் எதிர். அங்கே சாதாரண ஸ்பீடிங் டிக்கெட்டே 'கிளாஸ் சி மிஸ்டிமீனர்' என்ற வகையில்தான் வரும். அதைப் படித்துவிட்டு நான் கிரிமினலா என்று கலங்கிப்போன ஒரு பிள்ளையை ஃபோனிலேயே ஆறுதல் சொல்லித் தேற்றியிருக்கிறேன். அது அபராதத்தோடு முடிகிற மிகக் கீழ்ப்படி. ஒளிவுமறைவில்லாமல் எழுது, போதும். ஜார்ஜியாவிலும் டிராஃபிக் மீறல்கள் மிஸ்டிமீனர் கணக்கில்தான் வரும்.

லைசென்ஸ் முடக்கப்பட்டிருந்தபோது ஓட்டியது, இடித்துவிட்டு நிற்காமல் போனது, யாருக்காவது காயம் பட்டது, குடித்துவிட்டு ஓட்டியது: இதில் ஒன்று இருந்தாலும் என் கட்டுரையை வைத்துக்கொண்டு படிவம் நிரப்பாதே. இமிக்ரேஷன் வக்கீலைப் பார். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில், குடியுரிமைக்காக நன்னடத்தை பார்க்கப்படும் காலத்துக்குள் இரண்டு தண்டனை இருந்தால், நன்னடத்தை இல்லை என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2019இல் அட்டர்னி ஜெனரல் காஸ்டியோ-பெரெஸ் வழக்கில் முடிவு சொல்லியிருக்கிறார். அந்தக் காலம் பொதுவாக ஐந்து வருடம். சிட்டிசனைக் கல்யாணம் செய்து அந்த வழியில் விண்ணப்பிப்பவர்களுக்கு மூன்று.

இன்னொன்று, கோர்ட் தேதியைத் தவறவிட்ட டிக்கெட். வீடு மாறியதில் கடிதம் வராமல் போய், ஆஜராகவில்லை என்று வாரன்ட் போட்டிருப்பார்கள். கைரேகை எடுத்து எஃப்.பி.ஐ. சரிபார்க்கும் நேரத்தில் இது வெளியே வந்தால் டிக்கெட்டை விடப் பெரிய தலைவலி. சந்தேகம் இருந்தால் அந்த கோர்ட் கிளார்க்கை இப்போதே ஃபோனில் கூப்பிடு. வழக்கு பாக்கி இருந்தால் முடித்துவிட்டு விண்ணப்பி. டெக்சஸில் 'டிஃபர்டு' என்று சில மாதம் அவகாசம் வாங்கியிருந்தால் அது முடியும் வரை பொறு. அதுவும் ஒரு புரொபேஷன் மாதிரிதான், புரொபேஷனில் இருக்கும்போது குடியுரிமை விண்ணப்பத்தை அங்கீகரிக்க மாட்டார்கள்.

ஆவணம் தேவைப்படும் வழக்குகளுக்கு கோர்ட்டில் 'சர்டிஃபைடு டிஸ்பொசிஷன்' என்று கேட்டு வாங்கு. பழைய வழக்கு, ஃபைலை அழித்துவிட்டோம் என்றால் ரெக்கார்டு இல்லை என்பதையே முத்திரையோடு எழுதித் தரச் சொல், தருவார்கள்.

டிக்கெட் நிறைய இருந்தால்

ஒன்றிரண்டு வேறு. வருடத்துக்கு இரண்டு மூன்று என்று சேர்ந்திருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 அன்று யு.எஸ்.சி.ஐ.எஸ். நன்னடத்தையைப் பற்றி ஒரு புதிய குறிப்பு வெளியிட்டது. சட்டப்படி தடையில்லாத செயல்களையும் சமூகப் பொறுப்போடு ஒத்துப்போகிறதா என்று அதிகாரி எடைபோடலாம் என்று சொல்லி, அதற்கு உதாரணமாகப் பொறுப்பற்ற அல்லது வழக்கமாகிவிட்ட போக்குவரத்து மீறல்களை எடுத்துக்காட்டியிருக்கிறது. அதே குறிப்பு, குடும்பப் பொறுப்பு, வேலை, ஒழுங்காகக் கட்டிய வரி, சமூகத்தில் செய்யும் சேவை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. ஆகவே பட்டியல் நீளமாக இருக்கிறவர்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்ப் பள்ளியில் சனி ஞாயிறு பாடம் எடுக்கிறாய், உணவு வங்கியில் வேலை செய்கிறாய் என்றால் அதற்கும் ஒரு கடிதம் வாங்கி வை. அதுவும் நீதான்.

இன்டர்வியூ நாளில்

வலது கையைத் தூக்கி உண்மையே சொல்வேன் என்று உறுதி எடுத்த பிறகுதான் அதிகாரி படிவத்தைத் திறப்பார். எழுதியதையே திரும்பக் கேட்பார். சிலர் "போலீஸ் உங்களை எப்போதாவது நிறுத்தியிருக்கிறாரா?" என்று பேச்சுவாக்கில் கேட்பார்கள். டிக்கெட் இல்லாமல் வாய்மொழி எச்சரிக்கையோடு விட்டது கூட அப்போது நினைவுக்கு வந்தால் சொல்லிவிடு.

படிவத்தில் விட்டுப்போனது என்று இப்போதுதான் தெரிகிறதா? கேள்வி வரும் வரை காத்திராமல் ஆரம்பத்திலேயே, "ஒரு திருத்தம் இருக்கிறது" என்று நீயாகச் சொல். அவர் திருத்திக்கொண்டு கடைசியில் உன்னிடம் கையெழுத்து வாங்குவார். இது அவர்களுக்குத் தினமும் நடக்கிற விஷயம்.

மறந்துபோவதைச் சட்டம் பொய்யாகக் கருதுவதில்லை. ஏமாற்றும் எண்ணத்தைத்தான் பார்க்கிறது. 1988இல் குங்கிஸ் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. குடியுரிமைச் சலுகையைப் பெறும் நோக்கத்தோடு, உறுதிமொழியின் மேல் வாயால் சொன்ன பொய், அது எவ்வளவு அற்பமான விஷயத்தைப் பற்றியதாக இருந்தாலும், நன்னடத்தை இல்லை என்று முடிவு செய்யப் போதும். டிக்கெட் தானாகச் செய்ய முடியாத சேதத்தை அதைப் பற்றிய பொய் செய்துவிடும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அம்மா அப்பாவின் என்-400ஐ நீ நிரப்பும்போது

அப்பாவுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து, லைப்ரரிக்கும் கோயிலுக்கும் அவரே ஓட்டிக்கொண்டு போகிறார் என்றால் அவரையும் கேட்க வேண்டும். "எனக்கு யாருப்பா டிக்கெட் குடுத்தா?" என்பார். ஸ்டாப் சைனில் முழுக்க நிற்காமல் போனதற்கு ஒரு தாள் வந்திருக்கும், அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமலே தானே கட்டியிருப்பார். கோபப்படாமல் கேள்.

ஊர் விஷயங்களையும் கேள். எந்த நாட்டில் நடந்திருந்தாலும் கைது கைதுதான். நம் ஊரில் மறியல், உண்ணாவிரதம் என்று போனவர்களைப் பிடித்து வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, சாயங்காலம் பெயர் எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள். சங்கத்தில் இருந்த வாத்தியார்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் இது சாதாரணம். அதைக் கைது என்றே அவர்கள் நினைப்பதில்லை. வழக்கு ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் அதை எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்பதற்கு மட்டும் வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்.

கிரீன் கார்டோடு இருபது வருடம் இருந்த ஐம்பது வயதுக்காரர்களும், பதினைந்து வருடம் இருந்த ஐம்பத்தைந்து வயதுக்காரர்களும் மொழிபெயர்ப்பாளரோடு தமிழிலேயே பதில் சொல்லலாம். அப்போதும் அந்த 'இல்லை, இல்லை' தாளம் வந்துவிடும். வீட்டில் ஒரு முறை எல்லாக் கேள்வியையும் தமிழில் கேட்டுப் பார். எந்த இடத்தில் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும், பிறகு என்ன சொல்ல வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வை.

இன்டர்வியூ பாஸாகி, உறுதிமொழி நாளுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது என்றால் அந்த நாட்களில் வேகத்தைக் குறைத்துக்கொள். அப்படியும் ஒரு டிக்கெட் வந்துவிட்டால் என்-445 தாளில் 'யெஸ்' போட்டு, ரசீதோடு போ. வாசலில் இருக்கும் அதிகாரியிடம் முதலிலேயே காட்டிவிடு.

இந்த வாரமே டிரைவிங் ரெக்கார்டுக்குப் பணம் கட்டு. அது கைக்கு வந்ததும் என்-400ஐத் திற. இருக்கிற டிக்கெட்டை இருக்கிறபடி எழுதி அனுப்பிவிடு, தங்கச்சி.